உளை வயலும் அக்கரை வட்டிலப்பமும்

அன்று வரப்பில் நின்றவர்களை முதலில் எழுதுகிறேன்.

விசாரணை மாத்தயா. காணிக் கந்தோரிலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தர். வெள்ளைக் களிசான், கையில் குடை.

அவருடைய பியோன். தலையில் ஒரு நாற்காலி.

பண்டா விதானை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கு வைக்கிறவர். விதானைப் பதவியை அரசாங்கம் எப்போதோ எடுத்துவிட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் விசாரிக்கவில்லை.

ஹாஜியார். மாத்தளையில் புடவைக் கடை. காணிக்குச் சொந்தக்காரர்.

ஜுனைத். ஹாஜியாரின் தங்கச்சி மகன். கடையில் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். காலில் புதுச் சப்பாத்து.

நான்.

ஆறு பேர். கரையில் கட்டியிருந்த என் எருமையைச் சேர்த்தால் ஏழு.

எதிரே உளை, அந்தச் சேற்று வயல், கிடந்தது. அதை யார் பயிர் செய்கிறார் என்று எழுதிக்கொண்டு போகத்தான் மாத்தயா வந்திருந்தார். ஜுனைத்தின் பேரை எழுதினால் நான் வெளியே. என் குடிசையும் அந்தக் காணியின் மூலையில்தான். வேறு காணி எனக்கு இல்லை.

ஓயா போட்ட மண்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் கிணறு வெட்டிய கதை எழுதினேன். அது தண்ணீர் வராத நிலம். இது தண்ணீர் போகாத நிலம்.

நாவுலைக்கும் நாலந்தாவுக்கும் இடையில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊருக்கு ஒரு குளம். மலையிலிருந்து ஒரு சின்ன ஓயா, ஓடைதான், வந்து அதில் விழுகிறது. குளத்தைக் கண்டதும் ஓயாவுக்குக் களைப்பு வந்துவிடும். அதுவரை சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிடும். மணலை ஓரத்தில் போடும். வண்டலை அடுத்துப் போடும். களியைக் கடைசியில், தாழ்ந்த இடத்தில். எல்லாம் விசிறி மாதிரி விரிந்து கிடக்கும். பெரிய ஆறுகள் கடலில் செய்கிற வேலையை எங்கள் ஓயா குளத்தில் செய்தது. அதன் சக்திக்கு அது போதும்.

அந்த மண்ணில் பாதி மேலே தோட்டத்து மண். தேயிலை போட மலையை வழித்தார்கள். மழை அதைக் கொண்டுவந்து எனக்குத் தந்தது. தோட்டத்துத் துரை திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அதுதான் உளை. மேலே ஒரு சாண் தவிட்டு நிறம். அதற்குக் கீழே நீலமும் சாம்பலும் கலந்த களி. தோண்டி எடுத்தால் கூழ்முட்டை நாற்றம். வெயிலில் வைத்தால் நாலு நாளில் துரு நிறம் ஏறும். காலை வைத்தால் குமிழி வரும். தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதப்பது போல் ஒரு படலம் இருக்கும். விரலால் தொட்டால் கண்ணாடி மாதிரி உடையும். எண்ணெய் உடையாது. இது இரும்புத் தண்ணீர்.

ஒரு வருடம் ஊரில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கீழே பெற்றோல் இருக்கிறது என்று கிளப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியிலிருந்து நேரே அங்கே வந்தார்கள். பாதிப் பேர் தீப்பெட்டியோடு வந்தார்கள். பற்றவில்லை. தீப்பெட்டிதான் நனைந்தது.

எனக்கு எப்படி வந்தது

என் பேர் மீரா, எங்கள் பக்கம் அது ஆண்பிள்ளைப் பேர். முன்பு நான் ஹாஜியாரின் மேட்டு வயலைச் செய்தேன். பாதி எனக்கு, பாதி அவருக்கு. நல்ல வயல். ஏர் ஓடும். வேண்டும்போது தண்ணீர் கட்டலாம், வேண்டாதபோது வடிக்கலாம்.

அப்போது சட்டம் ஒன்று வந்தது. வயல் செய்கிறவனை இனிச் சொந்தக்காரன் எழுப்ப முடியாது, செய்கிறவன் பேரை எழுத வேண்டும் என்றார்கள். சட்டம் கொழும்பிலிருந்து ஊருக்கு வர நாள் எடுத்தது. ஹாஜியாருக்கு மாத்தளையிலேயே வந்துவிட்டது.

அவர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். பிளேன்டீ தந்தார். அதற்கு முன் தந்ததில்லை.

"மீரா, மேட்டு வயல்ல ஒனக்கு என்ன மிச்சம்? கீழ ஓயாவாய்ல அவ்வளவு பெரிய எடம் சும்மா ஈக்கிது. அத எடுத்துக்க. ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கடைசியாகச் சொன்னது உண்மை. அந்த உளையை யாரும் கேட்டதில்லை. அதற்கு முந்தின வருடம்தான் ஹாஜியார் அதற்குள் வாடகை டிராக்டர் ஒன்றை இறக்கினார். டிராக்டர் முன்னால் போகவில்லை. கீழே போனது. ஊரே கயிறு போட்டு இழுத்து எடுத்தது. அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பேய் பிடித்த இடம், ஓதிவிட்டு ஊத வேண்டும் என்று சொல்வார்.

நான் எடுத்துக்கொண்டேன். பிளேன்டீ குடித்தாயிற்று.

மூன்று பிழை

முதல் போகம் மேட்டு வயலில் செய்ததையே செய்தேன். ஏர் கட்டினேன். எருமை வயிறு வரை இறங்கியது. உளைக்கு ஏர் இல்லை, மிதிப்புத்தான் என்று அன்று விளங்கியது. எருமையை விட்டுச் சுற்றிச் சுற்றி மிதிக்க வைக்க வேண்டும். அதுவும் அடியில் பிடிப்பு இருக்கும் இடத்தில்.

இரண்டாம் போகம் முளை நெல் வீசினேன். களிக்குள் போய்ச் செத்தது. இதற்கு வயது ஏறிய உயரமான நாற்றுத்தான் நட வேண்டும். தண்ணீருக்கு மேலே தலை தெரிகிற நாற்று.

மூன்றாவது பிழை உரம். கூட்டுறவில் தந்தார்கள். போட்டேன். பயிர் ஆள் உயரம் வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். ஒரு காற்று அடித்தது. எல்லாம் படுத்துவிட்டது. கதிர் தண்ணீரிலேயே முளைத்தது.

இலை செம்பு நிறமானால் மருந்தில்லை. கழியால் வாய்க்கால் கீறி, நின்ற தண்ணீரை ஓடவிட வேண்டும். புதுத் தண்ணீர் உள்ளே வந்தால் பயிர் திரும்பும். இதைக் கண்டுபிடித்தவள் என் பெண்சாதி பாத்தும்மா. அவள் நெல்லுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. உளையில் தானாக வளர்ந்த கங்குன் கீரையும் கொஹிலக் கிழங்கும் பறித்து நாவுலைச் சந்தைக்கு அனுப்புவாள். அவள் நடந்த வழியில் தண்ணீர் ஓடியது. அந்த வழியோரத்து நெல் பச்சையாக நின்றது. அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், முதல் மூன்று போகமும் நாங்கள் சாப்பிட்டது கீரை விற்ற காசு. நெல் செய்தது நான்.

வறட்சி வந்தது

பிறகு மழை பிழைத்தது. ஒரு வருடமல்ல, அடுத்தடுத்து. குளம் சுருங்கியது. மேட்டு வயல் வெடித்தது. வெடிப்பில் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொண்டது.

உளை வெடிக்கவில்லை. மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் இருந்தது. அந்தச் சுற்றில் பச்சையாக இருந்த ஒரே இடம் அதுதான். விளைந்தது. அரிசிக்கு ஊரே அலைந்த காலம்.

அந்த அறுவடைக்கு ஹாஜியார் காரில் வந்தார். வரப்பில் நின்று பார்த்தார். ஊத வேண்டும் என்று அன்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் கந்தோருக்கு மனு போயிருந்தது. மூன்று வருடமாக அந்த வயலைச் செய்வது ஜுனைத், மீரா அவரிடம் நாள் கூலி. இதுதான் மனு.

அதற்குள் மழை திரும்ப வந்துவிட்டது. நல்ல மழை. ஓயா கரைபுரண்டது. எனக்குக் காய்ச்சல். பாயில் கிடந்தேன். எழும்பிய மறுநாள் விசாரணை.

சாப்பாட்டுக் கூடை

ஹாஜியார் விசாரணைக்கு ஆயத்தமாக வந்தார். சாட்சியைவிடச் சாப்பாட்டில் அவருக்கு நம்பிக்கை. ஒரு கூடை நிறையச் சம்சா. ஒரு சட்டி வட்டிலப்பம், கருப்பட்டி போட்டு அவித்த இனிப்பு. கடைக் கேக். கேத்தலும் கோப்பைகளும்.

உளைக்கு அக்கரையில் பெரிய கும்புக் மரம் ஒன்று. கார் வந்தால் அங்கேதான் நிறுத்துவார்கள். நல்ல நிழல். கூடையை அங்கே இறக்கி வைத்தார். எங்கள் ஊரில் உத்தியோகத்தர் வந்தால் பெண்கள் முன்னால் நிற்பதில்லை. தேநீர் ஊற்ற மட்டும் ஒருத்தி வேண்டும். பாத்தும்மாவை அங்கே இருக்கச் சொன்னார். அவள் விடியவே போய்க் கல் வைத்து அடுப்பு மூட்டினாள்.

மாத்தயா காரில் வருவார் என்று ஹாஜியார் நினைத்தார். மாத்தயா பஸ்ஸில் வந்தார். பஸ் இக்கரைப் பக்கம். விதானை அவரைக் கூட்டிக்கொண்டு நேரே வரப்புக்கு வந்துவிட்டார். அக்கரையில் காத்திருந்த ஹாஜியாரும் ஜுனைத்தும் காரில் குளக்கட்டைச் சுற்றி ஓடி வந்தார்கள். வந்ததும், மாத்தயாவுக்கு வெற்றிலை வேண்டும் என்று காரை நாவுலைக்கு அனுப்பினார் ஹாஜியார்.

ஆக, மனிதர்கள் இக்கரை. சாப்பாடு அக்கரை. கார் நாவுலை. நடுவில் உளை.

வழி காட்டச் சொன்னது

பேச்செல்லாம் சிங்களத்தில். எனக்குத் தெரிந்த மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

மாத்தயா நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் பின்கால் இரண்டும் மெதுவாக இறங்கின. எழும்பி நின்றுகொண்டார். இரண்டு பக்கமும் கேட்டார். ஜுனைத், நான்தான் செய்கிறேன் என்றார். நான்தான் செய்கிறேன் என்று நானும் சொன்னேன். விதானையைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் சொல்றது எனக்குக் கேட்டிச்சு மாத்தயா," என்றார் விதானை. அவருக்கு ஹாஜியார் கடையில் கடன் இருந்தது. என்னிடமிருந்து கீரை வந்துகொண்டிருந்தது.

வெயில் ஏறியது. மாத்தயா நெற்றியைத் துடைத்தார்.

"எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்கு ஏதாவது வயித்துல போடணும். இல்லாட்டி மயக்கம் வரும்."

"எல்லாம் ரெடி ஐயா," என்றார் ஹாஜியார். கையை நீட்டி அக்கரையைக் காட்டினார். கும்புக் மரத்தடியில் புகை தெரிந்தது.

"எவ்வளவு தூரம்?"

"இந்தா, இதுதான். சுத்திப் போனா கொஞ்சம் தூரம். குளக்கட்டால போகணும்."

"கார்?"

ஹாஜியார் நாவுலைப் பாதையைப் பார்த்தார்.

மாத்தயா உளையைப் பார்த்தார். அறுபது எழுபது கெஜம் அகலம் இருக்கும். பிறகு ஜுனைத்தைப் பார்த்தார். அவர் சோதிக்க நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பசி மட்டும்தான்.

"மூணு வருஷமாச் செய்ற வயல்தானே. குறுக்கு வழி இருக்குமே. நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வாறோம்."

ஜுனைத் மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார்.

ஜுனைத் இறங்கினார். பொய் சொல்லமாட்டேன், தைரியமாகத்தான் இறங்கினார். முதல் அடி முழங்கால். இரண்டாம் அடி தொடை. மூன்றாவதுக்குக் கால் வரவில்லை. வலது கால் வந்தது, சப்பாத்து வரவில்லை.

"நிக்காதீங்க, வாங்க," என்றார் பியோன், கரையில் நின்று.

மாத்தயா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க காட்டுங்க."

அந்த நேரம் எனக்கு உள்ளே சந்தோஷம். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

உளையில் வழி இப்படித்தான். ஓயா முன்பு ஓடிய பழைய தடத்தில் மணல் படிந்து, களிக்கு அடியில் கிடக்கும். அதன் மேல் மிதித்தால் முழங்காலோடு நிற்கும். ஒரு முழம் தள்ளினால் நிற்காது. அந்தத் தடம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

இறங்கினேன். நாலு அடி நன்றாகப் போனேன். ஐந்தாவது அடியில் தொடை வரை போய்விட்டேன்.

நான் பாயில் கிடந்த நாட்களில் ஓயா வாயை மாற்றிவிட்டது. பழைய தடத்தை அறுத்து, அதன் மேல் புதுச் சேற்றைப் போட்டிருந்தது. எனக்கு யாரும் அறிவிக்கவில்லை.

ஜுனைத்துக்கும் எனக்கும் இடையில் ஒரு கை தூரம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன நானா, உங்கட வயல்தானே?" என்றார் ஜுனைத், மெல்ல. எங்களுக்குள் அண்ணனை நானா என்போம்.

"ஒங்கட வயலும்தானே."

"மாமாதான் சொல்லச் சொன்னாரு நானா."

"ஆடாம நில்லுங்க. ஆடினாக் கீழ போகும்."

கரையிலிருந்து விதானை சொன்னார். "மாத்தயா, நடவு முடிஞ்சிச்சு. வெளைஞ்சாப் பாப்போம்."

பியோன் சிரித்தான். எருமை அசை போட்டுக்கொண்டு நின்றது. அது இறங்க நினைக்கவேயில்லை.

மாத்தயா சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. புத்தகத்தைத் திறந்து, "ரெண்டு பேருக்கும் வழி தெரியாது. ரெண்டு பேரும் செய்றதில்ல. காணி திரும்பச் சொந்தக்காரருக்கு..." என்று தொடங்கினார். ஹாஜியாரின் கண் வானத்திலிருந்து இறங்கியது.

தொடை வரை சேற்றில் நின்று நான் அதைக் கேட்டேன். நான் நின்ற இடமே எனக்கு எதிர்ச் சாட்சி.

கூடை நடந்து வந்தது

அக்கரையில் பாத்தும்மா இதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு அவளுக்குக் கேட்டிருக்காது. தேநீர் ஆறுகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

சட்டியையும் கோப்பைகளையும் கூடைக்குள் அடுக்கி, கூடையைத் தலையில் வைத்தாள். கேத்தலைக் கையில் எடுத்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். இறங்கினாள்.

நேராக வரவில்லை. இடப்பக்கம் போனாள். கோரைப் புல் நின்ற இடமாகப் பார்த்து மிதித்தாள். கோரைக்கு அடியில் மணல் இருக்கும். கங்குன் படர்ந்த இடத்தைத் தொடவில்லை. அதற்கு அடியில் அடி கிடையாது. ஓயா புதிதாகப் போட்ட மணலையும் அவள் அறிந்திருந்தாள். நான் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் அவள்தானே கீரைக்கு இறங்கினாள். முழங்காலுக்கு மேல் அவள் நனையவில்லை.

எங்கள் இருவரையும் தாண்டிப் போகும்போது என்னிடம் மட்டும், "இஞ்சாருங்க, எழும்பிய மறுநாளே தண்ணியில எறங்கினா திரும்பக் காய்ச்சல் வரும்," என்றாள்.

வரப்பில் வாழையிலை விரித்தாள். சம்சா வைத்தாள். தேநீர் ஊற்றினாள். பின்னால் தள்ளி எருமைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மாத்தயா இரண்டு சம்சா சாப்பிட்டார். வட்டிலப்பத்தில் பெரிய துண்டு ஒன்று சாப்பிட்டார். சீனி வருத்தத்துக்கு அது நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. முகத்தில் நிறம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"இது யாரு?"

"சும்மா, தேத்தண்ணி ஊத்த வந்த பொம்புள," என்றார் ஹாஜியார்.

"என் பெண்சாதி," என்றேன் சேற்றிலிருந்து.

"இந்த வழி எப்பிடித் தெரியும் ஒங்களுக்கு?"

பாத்தும்மா எருமையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "எந்த நாளும் வாற வழி."

"வயல யாரு செய்றது?"

"அவர்தான் மிதிக்கிறது, நடுறது எல்லாம்."

"எந்த எடத்துல?"

"நான் காட்டுற எடத்துல."

மாத்தயா எழுதியதை வெட்டினார். திரும்ப எழுதத் தொடங்கினார்.

ஹாஜியார் பதறினார். "ஐயா, பொம்புள பேர எழுதுறதா? எங்கட ஆக்கள்ல அப்பிடி இல்ல."

"சட்டத்துல ஆம்புள பொம்புளன்னு இல்ல ஹாஜியார். செய்ற ஆளுன்னுதான் இருக்கு." இன்னொரு துண்டு வட்டிலப்பம் எடுத்தார். "ஒங்கட வீட்டுப் பலகாரம் நல்லா இருக்கு."

பேர் கேட்டார். முழுப் பேரையும் அவளே சொன்னாள். பாதியை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு

எங்களை எருமையைக் கொண்டு இழுத்தார்கள். கயிற்றைப் பாத்தும்மா முதலில் ஜுனைத்துக்குப் போட்டாள். விருந்தாளி. நான் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

சப்பாத்து அகப்படவில்லை. இரண்டு போகம் கழித்து வரப்புக் கட்டும்போது கிடைத்தது. நீலக் களிக்குள் இருந்தது. தோல் கறுத்திருந்தது, ஒரு நூல்கூட உக்கவில்லை. காற்றுப் போகாத மண்ணில் ஒன்றும் லேசில் உக்காது. கழுவிக் கடதாசியில் சுற்றிக் கடைக்கு அனுப்பினேன். ஜுனைத் ஆள் மூலம் சலாம் சொல்லிவிட்டார். மற்றச் சப்பாத்தை எறிந்துவிட்டாராம்.

காணி இருக்கிறது. குடிசை இருந்த இடத்தில் கல் வீடு இருக்கிறது. கந்தோர்க் கடிதங்கள் பாத்தும்மா பேருக்கு வரும். பயிர்ச் செய்கைக் குழுக் கூட்டத்துக்கு அவள் போவதில்லை. நான் போவேன். நான் அங்கத்தவன் இல்லை என்பதால் கடைசி வரிசை வாங்குப் பலகையில் உட்காருவேன். கையை உயர்த்தினால் எண்ணமாட்டார்கள். புதிதாக வந்தவர் யாராவது, நீங்க யாரு என்று கேட்பார்.

"பாத்தும்மாட புருஷன்," என்று விதானை எனக்கு முந்திச் சொல்லிவிடுவார்.

இதை எழுதி முடித்து நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கொஹிலக் கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "மொதல் பக்கத்த இன்னொருக்கா வாசிங்க," என்றாள். வாசித்தேன்.

"எருமையும் ஈக்கிது," என்றாள். திரும்பக் கிழங்கு சீவத் தொடங்கினாள்.

முதல் பக்கம் அதற்கு முன்பே பத்திரிகைக்குப் போய்விட்டது, நான் வாசித்தது நகல். அதனால் இங்கே திருத்துகிறேன். அன்று அங்கே நின்றவர்கள், எருமையைச் சேர்க்காமல், ஏழு.